குஜிராய் படுத்துப் பார்த்த சீட்டு

குஜிராய்க்கு வேலை என்னவென்றால், படுப்பது. சத்தியமாகத்தான். அடையாள அட்டையில் 'இருக்கைச் சோதனைப் பிரிவு' என்று கௌரவமாகப் போட்டிருக்கும். ஜப்பானில், ககாமிகஹாராவில், விமானங்களுக்கு பிசினஸ் கிளாஸ் சீட்டு செய்து கொடுக்கிற கம்பெனி அது. காலை எட்டரைக்கு எல்லோரோடும் வரிசையில் நின்று கையைக் காலை ஆட்டுவார். ஷூவைக் கழற்றி வைப்பார். விமானத்தின் வயிறு மாதிரியே கட்டி வைத்திருக்கிற மர அறைக்குள் போய், ஒரு சீட்டைப் படுக்கையாக நீட்டி, அதில் சாய்வார். சாயங்காலம் ஐந்தரைக்கு எழுந்து, நாளெல்லாம் நின்றுகொண்டே ஆணி முடுக்கியவர்களைப் பார்த்துக் குனிந்து, "இன்னைக்கு ரொம்ப உழைச்சிட்டீங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் வீட்டுக்குப் போவார். யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரிப்பவர்கள் கழிப்பறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வருவார்கள்.

வயசு முப்பத்தினாலு. எடை நூற்று முப்பத்தொரு கிலோ, அதுவும் இளைத்த பிறகு. பதினாறு வருஷம் சூமோ மல்லராக இருந்தவர். பெரிய ஆளாகவில்லை. டிவியில் வருகிற நேரத்துக்கு வெகுமுன்னால், அரங்கில் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும்போது மோதுகிற கூட்டத்தில் ஒருவர். முட்டி போய், குடுமியை வெட்டி அனுப்பியபோது கையில் இருந்த தொழில் இரண்டு: ஆளைத் தள்ளுவது, நாற்பது பேருக்குக் கறிக்கூழ் காய்ச்சுவது. இரண்டுக்கும் ககாமிகஹாராவில் ஆள் தேவைப்படவில்லை.

தேவைப்பட்டது ஹொசுமிக்குத்தான். கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளர், அறுபத்தினாலு வயசு, துவைத்துப் பிழிந்து காயப்போட்ட மாதிரி ஐம்பத்தொரு கிலோ உடம்பு. ஒவ்வொரு ஜூலையும் நகோயா போட்டிக்குச் சூமோ கூடம் வந்து இறங்கும்போது அரிசி மூட்டையும் தர்பூசணியும் கொண்டுபோய்க் கொடுக்கிற ரசிகர். குஜிராயின் குடுமி வெட்டுச் சடங்கில் கத்தரி பிடித்தவர்களில் அவரும் ஒருவர். வெட்டிய கையோடு காதில் சொன்னார்: "நம்ம கம்பெனிக்கு வந்துடு. நீ படுத்து ஒரு சீட்டு தாங்குச்சுன்னா ஊர் உலகத்துக்கே தாங்கும்."

யோசனை நல்ல யோசனைதான். ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

சூமோ கூடத்தில் 'வலிக்குது' என்ற சொல் கிடையாது. பதினெட்டு வயசில் உள்ளே நுழைகிற அன்றைக்கே அது வாசலில் செருப்போடு கழன்றுவிடும். காலை இரண்டு பக்கமும் விரித்து உட்காரவைத்து, முதுகில் இன்னொருத்தன் ஏறி அமுக்குவான். கண்ணில் தண்ணீர் வரும். வரட்டும், வாயில் வரக்கூடாது. யார் எதைக் கொடுத்தாலும் 'கொத்சான்' என்று தலைகுனிந்து வாங்கிக்கொள்ள வேண்டும், சோறானாலும் சரி, அறையானாலும் சரி. இப்படிப் பதினாறு வருஷம் ஊறிய மனுஷனைக் கூட்டிவந்து, 'எங்கே வலிக்கிறது என்று எழுதுங்கள்' என்று தாளைக் கொடுத்தார்கள். ஊமையைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்த கதை.

பதினோரு மாதம் அவர் எழுதிய அறிக்கை எல்லாவற்றிலும் ஒரே வரி. 'குறை ஒன்றுமில்லை.' கையெழுத்து மட்டும் ரொம்ப அழகாக இருக்கும்.

பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தரக்கட்டுப்பாட்டுத் தலைவி ட்சுகுதா அந்தத் தாள்களை எல்லாம் ஒன்றாக அடுக்கி மேசையில் வைத்து, அவரைக் கூப்பிட்டாள். நாற்பது வயசுக்காரி. யாரிடமும் குரலை உயர்த்த மாட்டாள். உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை என்று ஆபீஸில் பேசிக்கொள்வார்கள்.

"குஜிராய்-சான், புது சீட்ட ஒரே ஒரு விமானத்துல மாட்டிப் பறக்கவிட்டிருக்கோம்ல, நியூயார்க் போறது. அதுல வந்த கருத்துத் தாள் இது. நானூத்திப் பன்னெண்டு ஜப்பான்காரங்க எழுதியிருக்காங்க. என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

"நல்லாருக்குன்னா?"

"'மிகவும் வசதி, மிக்க நன்றி.' நானூத்திப் பன்னெண்டு பேரும். ஒருத்தர் பாட்டா வேற எழுதியிருக்கார். இது வெளிநாட்டுக்காரங்க எழுதினது, ஒம்பது தாள். ஒம்பதுலயும் இடுப்பு வலின்னு இருக்கு. ஒருத்தர் இடுப்புன்னு எழுதல, வேற எடத்தோட பேர எழுதியிருக்கார், அத நான் வாசிக்க மாட்டேன்."

குஜிராய் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவங்க ஒம்பது பேருக்கு மட்டும் இடுப்ப வேற எடத்துல வெச்சுப் படச்சிருக்கா? நீங்க அந்த சீட்டுல ஆயிரம் மணி நேரத்துக்கு மேல படுத்திருக்கீங்க. வலிச்சுதா, வலிக்கலையா?"

"பரவாயில்லைங்க."

"நான் அதக் கேக்கல."

ட்சுகுதா தாள்களைத் தட்டிச் சமன் செய்தாள்.

"வர்ற திங்கக்கிழமை முப்பத்தெட்டு விமானத்துக்கு சீட்டோட சட்டம் வெட்ட ஆரம்பிக்கிறாங்க. வெட்டிட்டா முடிஞ்சுது, அப்புறம் மாத்த முடியாது. அதுக்கு முன்னாடி நீங்களும் ஹொசுமி-சானும் வியாழக்கிழமை அந்த விமானத்துல நியூயார்க் போறீங்க. பதிமூணு மணி நேரம். வந்து எனக்கு ஒரு உண்மையான அறிக்கை வேணும். ஏப்ரல்ல உங்கள வெச்சுக்கணுமான்னு என்கிட்டதான் கேப்பாங்க. படுக்கறதுக்கு மட்டும்னா எங்ககிட்ட மணல் மூட்டை இருக்கு. அது மத்தியானம் ரெண்டு டப்பா சோறு சாப்பிடறதில்ல. மூட்டையால சொல்ல முடியாததச் சொல்லத்தான் ஆள்."

குஜிராய் குனிந்து வணங்கினார். கதவு வரைக்கும் போனவர் திரும்பி நின்றார்.

"ஹொசுமி-சானோட கடைசி சீட்டு இது. மார்ச்சோட ஓய்வு பெறுறார்."

"தெரியும்," என்றாள் ட்சுகுதா. "அதனாலதான் வேற யாருமே சொல்லல."

அன்று ராத்திரி அல்ல, மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் பயிற்சி ஆரம்பித்தது. குஜிராயின் மனைவி சிஹாரு ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பில் இருக்கிறாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை வலிக்கிறவர்களை மட்டுமே பார்க்கிற பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் ஒருநாளும் வலிக்காத புருஷன்.

துணி மாட்டுகிற கிளிப் ஒன்றை எடுத்து அவர் காதில் மாட்டினாள்.

"சொல்லு."

"பரவாயில்ல."

இன்னொரு காதிலும் மாட்டினாள். "இப்போ?"

"நல்லாருக்கு."

"நல்லாருக்கா? கம்மல் போட்டுவிட்டேனா உனக்கு?" மூன்றாவதை மூக்கில் மாட்டினாள். நூற்று முப்பத்தொரு கிலோ மனுஷர், காதிலும் மூக்கிலும் கிளிப்போடு, முதுகு நேராக, மீன் வறுவலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் சிவந்தது.

"யசு, வாயத் திற. 'வ'." வீட்டில் அவர் யசு.

"வ."

"'வலி'."

"வலி... ஒண்ணும் பெருசா இல்ல."

சிஹாரு கிளிப்பை எல்லாம் கழற்றிவிட்டு, சிவந்திருந்த காதைக் கட்டை விரலால் தேய்த்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"கல்யாணமாகி நாலு வருஷமாச்சு. ராத்திரி நீ புரளும்போதுதான் உனக்கு முட்டி வலிக்குதுன்னே எனக்குத் தெரியுது. எங்க கிளினிக்ல அஞ்சு வயசுப் பிள்ளை சொல்லுது, எந்தப் பல்லுன்னு தொட்டே காட்டுது. எங்க வலிக்குதுன்னு உன்னக் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்குதுப்பா."

"பழகல."

"அப்ப பழகு. சத்தமா வேண்டாம். வாய்க்குள்ளயே சொல்லிப் பாரு. வேலைக்காக இல்லாட்டியும், எனக்காக."

அவர் தலையை ஆட்டினார். சைக்கிளில் போகும்போது ஆற்றுப் பாலத்தின் மேல் ஒருதரம் முயன்று பார்த்தார். எதிரே ஒரு பள்ளிக்கூடப் பெண் வந்தாள். இருமி மறைத்துவிட்டார்.

வியாழக்கிழமை ஹனேதாவில் விமானம் நகர்ந்தபோது, தரையில் வேலை செய்கிறவர்கள் வரிசையாக நின்று குனிந்து, பிறகு கையசைத்தார்கள். ஜன்னலோரம் இருந்த ஹொசுமியும் விடாமல் கையசைத்தார். அவருக்கு முகமே பூரித்துப்போயிருந்தது. சீட்டின் கைப்பிடியை ஒரு தடவை, பக்கத்து மரப்பலகையை ஒரு தடவை, யாரும் பார்க்காதபோது தடவிக்கொண்டார். பக்கத்து சீட்டில் குஜிராய். நடுவே ஏற்றி இறக்குகிற ஒரு தடுப்பு. பெல்ட் எட்டவில்லை. பணிப்பெண் ஓசையில்லாமல் ஒரு நீட்டிப்புப் பட்டையைக் கைக்குட்டைபோல மடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் பெயர் நிஷிமோதோ. இருபத்தெட்டு வயசு இருக்கும். சீட்டுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணுக்கு நேர் கண் வைத்துப் பேசுகிறவள்.

"குஜிராய்-சாமா, இன்னைக்கு நாங்க உங்களுக்குத் துணையா வர்றோம். சாப்பாடு ஜப்பானிய முறையில கொண்டு வரட்டுங்களா?"

"கொத்சான்," என்றார் அவர், பழக்கதோஷத்தில். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஒன்பது சின்னக் கிண்ணத்தில் ஒன்பது சின்ன விஷயம் வந்தது. ஒவ்வொன்றும் ஒரு கவளத்துக்குப் போதாது. நாலு நிமிஷத்தில் முடித்துவிட்டார். அப்புறம் சுடச்சுடச் சோறு, விமானத்திலேயே வடித்தது, கூட மிசோ சூப்பு, மாட்டிறைச்சி. அதற்கு மூன்று நிமிஷம். ஹொசுமி இன்னும் இரண்டாவது கிண்ணத்தில் ஒரு அவரைக்கொட்டையைக் குச்சி நுனியில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஏதாவது கொண்டு வரட்டுங்களா?" என்றாள் நிஷிமோதோ.

ஜப்பானில் வளர்ந்தவர்கள் ஒருதரம் வேண்டாம் என்பார்கள், மறுபடி கேட்டால் யோசிப்பார்கள். சூமோ கூடத்தில் அந்தப் பேச்சே இல்லை, கொடுத்தால் வாங்க வேண்டும். ஊதோன் நூடுல்ஸ் வந்தது. இன்னொன்று வந்தது. நாலாவது கிண்ணத்தின்போது ஹொசுமி தடுப்பை இறக்கி எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, சோதிக்க வந்தது சீட்டையா, சமையலறையையா?"

குஜிராய் கிண்ணத்தை வைத்தார். பசியில்லை. படுப்பதைத் தள்ளிப்போடத்தான் தின்றுகொண்டிருந்தார். இனித் தள்ள இடமில்லை.

ஜன்னலை எல்லாம் இருட்டாக்கினார்கள். வெளியே பட்டப்பகல், உள்ளே தூங்கு என்று உத்தரவு. பொத்தானை அமுக்கினார். சீட்டு மெதுவாக நீண்டு படுக்கையாயிற்று. நிஷிமோதோ மெத்தை விரித்து, போர்வையின் ஓரத்தை மடித்துவிட்டுப் போனாள். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தார்.

அங்கே இருந்தது அது.

முதுகுப் பலகையும் அடிப்பலகையும் சேருகிற இடம். விரல் போகாத ஒரு சின்னப் பள்ளம், அதன் ஓரத்தில் ஒரு மேடு. கையால் தொட்டால் தெரியாது. இடுப்பு எலும்பு போய் அதன்மேல் உட்கார்ந்து, விமானத்தின் அதிர்வு அதன் வழியாக ஏறும்போது தெரியும். முதல் பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. அரைமணியில் யாரோ விரல் கணுவை வைத்து அழுத்துகிற மாதிரி. ஒரு மணி நேரத்தில் அந்த யாரோவுக்குக் கோபம் வந்துவிடும். பதினோரு மாதமாக அவருக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். தன் வீட்டு வாசற்படியைவிட நன்றாகத் தெரியும்.

தடுப்பு இறங்கியது. ஹொசுமியின் முகம், கண்ணாடி இல்லாமல், குழந்தை மாதிரி.

"எப்படி இருக்கு?"

"பரவாயில்லைங்க."

தடுப்பு ஏறியது. குஜிராய் பல்லைக் கடித்தார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி இறங்கியது.

"இப்போ?"

"நல்லா இருக்குங்க."

"அந்த மெத்தையோட பஞ்ச நானே போய்த் தேர்ந்தெடுத்தேன், தெரியுமா. மூணு வருஷம்." தடுப்பு ஏறியது.

இதற்கு மேல் என்ன செய்ய? எழுந்து அறிக்கையில் எழுதிவிட்டு, இறங்கியதும் நீட்டிவிடலாம். ஆனால் வடிவமைப்பாளர் என்ற முறையில் ஹொசுமியும் அதில் கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் நிற்க வேண்டும், அவர் படிப்பதைப் பார்க்க வேண்டும். முகத்துக்கு முன்னால் சொல்லாததைத் தாளில் சொல்வது முதுகில் தள்ளுகிற மாதிரி. சூமோ வட்டத்துக்குள் முதுகில் தள்ளி ஜெயித்தவனை யாரும் திட்ட மாட்டார்கள், ஆனால் அவனோடு சாப்பிட உட்கார மாட்டார்கள். முகத்துக்கு முன்னால்தான். இன்றைக்கே, இந்த விமானம் தரை தொடுவதற்குள். அதை முடிவு செய்ததும் உடம்பெல்லாம் வேர்த்தது.

போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். சிஹாரு சொன்னபடி வாய்க்குள்ளேயே ஆரம்பித்தார். வலி. வலிக். வலிக்கு. சத்தம் வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது. மறுபடி. மோதுகிறவன் இரண்டு கையையும் மண்ணில் ஊன்றி, எதிராளியின் மூச்சோடு மூச்சைச் சேர்த்துப் பாய்வதில்லையா, அப்படி மூச்சைச் சேர்த்தார். இருபதாவது தரமோ முப்பதாவது தரமோ, எப்படியோ வாயின் கதவு திறந்துகொண்டது.

"வலிக்குது," என்று போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. பதினாறு வருஷம் அடைத்து வைத்த குரலாயிற்றே, சன்னமாகவா வரும். நாலு வரிசைக்குக் கேட்டது.

நிஷிமோதோ ஓடாத மாதிரி ஓடி வந்தாள். முட்டி போட்டு, சின்ன டார்ச்சைக் கையால் மறைத்துப் பிடித்தாள்.

"குஜிராய்-சாமா, எங்க வலிக்குது? நெஞ்சா? இடது கைக்கு இறங்குதா?"

"இல்ல, இல்ல, பரவாயில்லைங்க."

"வேர்த்திருக்கே. டாக்டர் யாராவது இருக்காங்களான்னு அறிவிப்பு கொடுத்துடறேன்."

அறிவிப்பு. இருநூற்றைம்பது பேரை எழுப்பி, ஒரு டாக்டரின் தூக்கத்தைக் கெடுத்துக் கூட்டிவந்து, ஊதோன் நாலு கிண்ணம் தின்ற தன் வயிற்றைத் திறந்து காட்டுவது. குஜிராய் அவள் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்துவிட்டார். அது மரியாதை இல்லை என்று அவருக்கே தெரியும்.

"நெஞ்சு இல்லைங்க. இடுப்பு."

"எப்ப இருந்து?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். "மார்ச் மாசத்துலேருந்து. போன வருஷம்."

தடுப்பு இறங்கியிருந்தது. ஹொசுமி கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை.

"குஜிராய்," என்றார் மெதுவாக. "பழைய முட்டிதானே? ஒரு பக்கமாவே படுத்தா அந்த வலி இடுப்புக்கு ஏறும்னு சொல்லுவாங்க. அதானே?"

நிஷிமோதோவின் தோள் கொஞ்சம் இறங்கியது. முட்டி என்றால் எல்லோருக்கும் சௌகரியம். ஒரு மாத்திரை, ஒரு வெந்நீர்ப் பை, முடிந்தது. தப்பிக்க ஒரு கதவை ஹொசுமி திறந்து பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது, அன்பாகத்தான். ஓர் 'ஆமா' போதும்.

இதே மாதிரி ஒரு கேள்வி குஜிராயிடம் முன்னே ஒருதரம் கேட்கப்பட்டிருக்கிறது. செப்டம்பர் போட்டி, மூன்றாவது மோதல் முடிந்து நடைவழியில் சுவரைப் பிடித்து நின்றபோது, கூடத்து வாத்தியார் கேட்டார்: 'சும்மா சுளுக்குதானே?' அவரும் அன்பாகத்தான் கேட்டார். குஜிராய் ஆமா என்றார். அந்த முட்டியோடு இன்னும் மூன்று மோதல். கடைசியில் கத்தி வைத்த டாக்டர், முதல் நாளே சொல்லியிருந்தால் தையல் போட ஏதாவது மிச்சமிருந்திருக்கும் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

"இல்லைங்க," என்றார் குஜிராய். எழுந்து உட்கார்ந்து, முதுகை நேராக்கி, இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டார். "முட்டி இல்ல. சீட்டு. சீட்டு வலிக்குது."

ஹொசுமி சீட்டின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"பதினோரு மாசமா வலிக்குதுன்னா," என்றார் கடைசியில், "பதினோரு மாசமா நீ என்கிட்ட பொய் சொல்லியிருக்க."

"ஆமாங்க."

"ஏன்?"

"நீங்க தர்பூசணி கொண்டு வருவீங்க."

சொன்னபிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனமான பதில் என்று தெரிந்தது. ஆனால் அதுதான் பதில். ஹொசுமி முகத்தைத் திருப்பி இருட்டு ஜன்னலைப் பார்த்தார். அவருடைய மெல்லிய கழுத்தில் ஒரு நரம்பு ஏறி இறங்கியது. குஜிராய்க்கு அந்த நரம்பைப் பார்க்கப் பார்க்க, 'விடுங்க, பரவாயில்லை' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்து முட்டியது. விழுங்கினார். மறுபடி வந்தது. மறுபடி விழுங்கினார். இந்த மாதிரி ஒன்றை அவர் வட்டத்துக்குள்கூடத் தாங்கியதில்லை.

நிஷிமோதோ இன்னும் முட்டி போட்டபடியே இருந்தாள். டார்ச்சை அணைத்துவிட்டாள்.

"குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும்," என்றாள். "நீங்க ரெண்டு பேரும் சீட்டு செய்யறவங்களா?"

"நான்தான் செஞ்சேன்," என்றார் ஹொசுமி, ஜன்னலைப் பார்த்தபடியே.

"அப்படின்னா... இந்த விமானத்துல மட்டும் நாங்க பன்னெண்டு தலையணை கூடுதலா ஏத்திட்டிருந்தோம்."

"எதுக்கு?"

"பயணிங்க கேப்பாங்க. யாரும் வலிக்குதுன்னு கேக்க மாட்டாங்க. 'தொந்தரவுக்கு மன்னிக்கணும், படிக்கறதுக்கு ஒரு தலையணை கிடைக்குமா'ன்னு கேப்பாங்க. அப்புறம் போய்ப் பாத்தா எல்லாரும் இங்கதான் வெச்சிருப்பாங்க." அவள் தன் இடுப்புக்குக் கீழே, வலது பக்கம் கையை வைத்துக் காட்டினாள். "இறங்கும்போது மடிச்சு, ஒண்ணுமே நடக்காத மாதிரி வெச்சுட்டு, நன்றின்னு தாள்ல எழுதிக் குடுத்துட்டுப் போவாங்க."

"நீங்க யாரும் மேல சொல்லலையா?"

"பாவம், புது சீட்டு, செஞ்சவங்க கஷ்டப்பட்டிருப்பாங்கன்னு..." டார்ச்சைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "பன்னெண்டு பத்தல. போன வாரத்துலேருந்து இருபது ஏத்தறோம்."

ஹொசுமி திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் குஜிராய்க்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபம் இல்லை. வழி தெரியாத ஊரில் நிற்கிறவர் மாதிரி இருந்தார். பிறகு தன் போர்வையை விலக்கினார். வலது இடுப்புக்கு அடியில், தன் உல்லன் ஸ்வெட்டரை நாலாக மடித்து வைத்திருந்தார்.

மூன்று பேரும் அந்த ஸ்வெட்டரைப் பார்த்தார்கள்.

"எனக்கு வயசாயிடுச்சு, அதனாலன்னு நெனச்சேன்," என்றார் ஹொசுமி.

நிஷிமோதோவின் தோள்கள் முதலில் குலுங்கின. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, குனிந்து வணங்கிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விட்டாள். குஜிராய் சிரிக்கவில்லை. சிரித்தால் சீட்டே ஆடும்.

ஹொசுமி ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டார். பட்டனை ஒவ்வொன்றாகப் போட்டார், நேரமெடுத்து. பையிலிருந்து பென்சிலும், மடித்த அளவு நாடாவும், ஒரு கட்டம் போட்ட நோட்டும் எடுத்தார்.

"காட்டு."

குஜிராய் தன் கட்டை விரலை அந்த இணைப்பின்மேல் வைத்தார். "இங்கங்க. பள்ளம் இல்ல, இந்த மேடுதான். ஒரு மில்லி இருக்கும். அப்புறம் இங்க, தோள். இந்தப் பலகை விளிம்பு. அப்புறம் கால் போற பொந்து, அதுல என் குதிகால் திரும்பாது. உங்களுது திரும்பும். அப்புறம் இந்த விளக்கு காதுல சுடுது. கைப்பிடி முழுசா இறங்கல, முழங்கைக்குக் கீழ ஒண்ணு குத்துது..."

திறந்த கதவு மூடவில்லை. சீட்டில் தொடங்கியவர், தனக்கே தெரியாமல், மர அறையின் குளிர், கழுத்துக்குப் போதாத தலையணை, மத்தியானம் ஆபீஸில் எல்லோரும் தன் சோற்று டப்பாவை எண்ணுவது என்று போய்க்கொண்டே இருந்தார். ஹொசுமி ஒன்றையும் விடாமல் எழுதினார். சோற்று டப்பாவிடம் வந்தபோது பென்சில் ஒரு கணம் நின்றது, பிறகு அதையும் எழுதியது.

"அவ்வளவுதானா?"

"இப்போதைக்குங்க."

ஹொசுமி எழுதியதை மேலிருந்து கீழாக விரலால் ஓட்டினார். "அந்த மேட்ட எடுக்கணும்னா இணைப்புல இருக்கிற கீல மொத்தமா மாத்தணும். கீல மாத்தினா சட்டத்த மாத்தணும். திங்கக்கிழமை வெட்ட முடியாது."

"முடியாதுங்க."

"மார்ச்சுக்குள்ள முடியாது."

"முடியாதுங்க."

"என் பேரு இல்லாமதான் இந்த சீட்டு வரும். வேற யாராவது முடிப்பாங்க."

இதற்கும் 'ஆமாங்க' என்று சொல்ல வேண்டியிருந்தது. குஜிராய் சொன்னார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, அடி விழுவதற்குக் காத்திருக்கிற மாதிரி காத்திருந்தார்.

ஹொசுமி நாடாவைச் சுருட்டினார். பொத்தானை அமுக்கித் தடுப்பை முழுக்க, அடிவரைக்கும் இறக்கினார், இரண்டு படுக்கையும் ஒன்றாகிற மாதிரி. பிறகு மணியைப் பார்த்தார்.

"இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கு. இடது பக்கம் நீ இன்னைக்குப் படுத்தே பாக்கல."

"இல்லைங்க. அது இன்னும் மோசம்னு தெரியும், அதனால..."

"படு."

குஜிராய் படுத்தார், இடது பக்கமாக, ஹொசுமியைப் பார்த்தபடி. எலும்பு மேட்டைத் தேடிப் போய் உட்கார்ந்தது. கூடுதல் தலையணை வேண்டுமா என்று கேட்க வந்த நிஷிமோதோவைக் கையசைத்துத் திருப்பி அனுப்பினார். வாழ்க்கையில் முதல்தரமாக ஒன்றை வேண்டாம் என்றார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, விமானத்தின் அதிர்வு மேலேறி வரட்டும் என்று விட்டார்.

"வலிக்குதுங்க," என்றார்.

"எங்க?" என்றார் ஹொசுமி, பென்சிலைத் தாளில் வைத்துக்கொண்டு.